தங்கத்தின் விலையை யாரேனும் ஆட்டிவைக்கிறார்களா?

தங்கம் ஒரே நாளில் சவரனுக்கு ஆயிரம் ரூபாய் ஏறினாலும், மறுநாளே அதில் பாதி இறங்கினாலும், இதற்குப் பின்னால் யாரோ இருக்கிறார்கள் என்ற பேச்சு எழாமல் இருப்பதில்லை. சிலர் அமெரிக்க வங்கிகளைச் சொல்வார்கள், சிலர் மைய வங்கிகளைச் சொல்வார்கள், பெயர் சொல்லத் தெரியாதவர்கள் 'பெரிய இடத்து விளையாட்டு' என்று முடித்துக்கொள்வார்கள். இந்தச் சந்தேகத்தை வெறும் வதந்தி என்று தள்ளிவிட முடியாது. தங்க விலையில் முறைகேடு செய்ததற்காக உலகின் மிகப் பெரிய வங்கிகள் சில அபராதம் கட்டியிருக்கின்றன. அவற்றின் ஊழியர்கள் சிறைத் தண்டனையும் பெற்றிருக்கிறார்கள். ஆனால் அந்த வழக்குகளில் வெளிப்பட்ட முறைகேட்டுக்கும் பேச்சில் அடிபடும் முறைகேட்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. பேச்சில் வருவது, பல பத்தாண்டுகளாக விலையை அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு மறைமுகக் கை. வழக்குகளில் நிரூபணமானதோ, சில நிமிடங்களுக்கு, சில வேளைகளில் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு, விலையைச் சற்றே ஒரு பக்கம் தள்ளி லாபம் பார்த்த வேலை.

முதலில், விலை எங்கே உருவாகிறது என்பதைப் பார்த்துவிடலாம். சென்னையில் காலையில் அறிவிக்கப்படும் சவரன் விலைக்கு மூலம் இரண்டு வெளிநாட்டுச் சந்தைகள். ஒன்று, வங்கிகளும் பெரு வணிகர்களும் தங்களுக்குள் நேரடியாகப் பேசி வாங்கி விற்கும் லண்டன் சந்தை. இங்கே ஒரு கட்டி என்பது ஏறத்தாழ 400 அவுன்ஸ், அதாவது சுமார் 12.5 கிலோ. மற்றொன்று, நியூயார்க்கின் காமெக்ஸ் என்னும் முன்பேரச் சந்தை, அதாவது பின்னொரு நாளில் கைமாற வேண்டிய தங்கத்துக்கு இன்றே விலை பேசி முடிக்கும் இடம். இங்கே 100 அவுன்ஸ் கொண்ட ஒப்பந்தங்கள் கைமாறும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை தங்கத்தைக் கண்ணால் பார்க்காமலேயே லாப நட்டத்தோடு முடிந்துவிடும். இவ்விரு சந்தைகளில் ஓடும் டாலர் விலையை ரூபாய் மதிப்பால் பெருக்கி, இறக்குமதி வரியைச் சேர்த்து, உள்ளூர்த் தேவைக்கேற்பச் சற்றுக் கூட்டிக் குறைத்தால் நம் ஊர் விலை கிடைக்கும். ஜிஎஸ்டி, செய்கூலி, சேதாரம் எல்லாம் அதற்கு மேல்தான்.

அடுத்தது, எதை முறைகேடு என்கிறோம் என்பது. ஒருவர் நிறைய வாங்குவதால் விலை ஏறினால் அது முறைகேடு ஆகாது. 2022 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் உலக மைய வங்கிகள் சேர்ந்து நிகரமாக 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. அதனால் விலை ஏறியது என்றால் அது தேவையின் விளைவு. தேவையோ வரத்தோ உண்மையில் இல்லாதபோது இருப்பதுபோலக் காட்டுவதும், குறிப்பிட்ட ஒரு நேரத்தில் விலை குறிப்பிட்ட ஓர் எண்ணில் நிற்க வேண்டும் என்பதற்காகவே வாங்குவதும் விற்பதும்தான் முறைகேடு. எல்லைக் கோடு நோக்கத்தில் இருக்கிறது. நோக்கத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம் என்பதால்தான் இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் வணிகர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட செய்திகளை நம்பியே நடக்கின்றன.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, லண்டனில் 2012 ஜூன் 28 அன்று பிற்பகல் நடந்தது. அங்கே 1919 செப்டம்பரிலிருந்து 'தங்க நிர்ணயம்' என்றொரு வழக்கம் இருந்துவந்தது. ஐந்து நிறுவனங்களின் பிரதிநிதிகள் கூடுவார்கள்; தலைவர் ஒரு விலையைச் சொல்வார்; அந்த விலையில் யார் எத்தனை கட்டி வாங்குவார்கள், யார் எத்தனை விற்பார்கள் என்று ஒவ்வொருவரும் அறிவிப்பார்கள்; இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகும் வரை விலையை ஏற்றி இறக்கி, சமமானதும் அதுவே அன்றைய விலை என்று அறிவித்துவிடுவார்கள். முதலில் ராத்ஸ்சைல்டு வங்கியின் அறையில் நேரில் கூடி நடந்த இந்தச் சடங்கு, அந்த வங்கி 2004இல் விலகிய பிறகு தொலைபேசி வழியே நடந்தது. காலை 10.30க்கு ஒரு முறை, மாலை 3 மணிக்கு ஒரு முறை. சுரங்க நிறுவனங்களிலிருந்து நகை வணிகர்கள் வரை, உலகெங்கும் எண்ணற்ற ஒப்பந்தங்கள் அந்த எண்ணைத்தான் ஆதாரமாகக் கொண்டிருந்தன. ஐந்து பேர் கூடி உலகத்துக்கே விலை சொல்லும் ஓர் ஏற்பாடு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் பெரிய கேள்வி இல்லாமல் நடந்தது என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

அந்த ஐவரில் ஒன்று பார்க்ளேஸ் வங்கி. ஓராண்டுக்கு முன் அது தன் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஓர் ஆப்ஷன் ஒப்பந்தம் விற்றிருந்தது. 2012 ஜூன் 28 மாலை நிர்ணயத்தில் விலை அவுன்ஸுக்கு 1,558.96 டாலரைத் தாண்டினால் வங்கி அவருக்கு 39 லட்சம் டாலர் தர வேண்டும். தாண்டாவிட்டால் ஒன்றும் தர வேண்டியதில்லை. அந்தக் கணக்கைப் பார்த்துக்கொண்ட வணிகரே, அதே நிர்ணயத்தில் வங்கியின் சார்பில் ஆணை இடக்கூடிய இடத்திலும் இருந்தார். விலை எல்லைக்கு அருகே ஊசலாடிக்கொண்டிருந்தபோது அவர் பெரிய அளவில் விற்பனை ஆணை கொடுத்தார். நிர்ணயம் 1,558.50 டாலரில் முடிந்தது. எல்லைக்கும் அதற்கும் இடையே 46 சென்ட். வாடிக்கையாளருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிரிட்டனின் நிதி ஒழுங்குமுறை அமைப்பு 2014 மே மாதம் பார்க்ளேஸுக்கு 2.6 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. அந்த வணிகருக்குத் தனி அபராதமும் தொழில் தடையும் விதிக்கப்பட்டன. வாடிக்கையாளருக்கு வங்கி பின்னர் பணத்தைக் கொடுத்துவிட்டது. இதில் கசப்பான வேடிக்கை, வங்கிகள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் விகிதமான லைபார் வட்டி விகிதத்தில் செய்த முறைகேட்டுக்காக அதே வங்கிக்கு 29 கோடி பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது அதற்கு முந்தைய நாள்தான். லண்டன் நிர்ணயம் 2015 மார்ச்சில் கைவிடப்பட்டு, மின்னணு ஏல முறை அதன் இடத்துக்கு வந்தது.

இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டியது, அந்த வணிகர் தங்க விலையைக் குறைக்க வேண்டும் என்று விரும்பியவர் அல்லர் என்பது. மறுநாள் விலை எங்கே போனாலும் அவருக்குக் கவலையில்லை. ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் விலை ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால் போதும். ஏறத்தாழ எல்லாச் சந்தை முறைகேடுகளுக்கும் எலும்புக்கூடு இதுதான்: ஒரு சந்தையில் விலையை நகர்த்த ஆகும் செலவு சிறியது, அந்த விலையை நம்பி வேறோர் இடத்தில் வைத்த பந்தயம் பெரியது. முதலாவதில் நட்டம் அடைந்து இரண்டாவதில் அள்ளுவது.

இந்தியாவில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஜூலை 3 அன்று ஜேன் ஸ்ட்ரீட் என்னும் அமெரிக்க வர்த்தக நிறுவனத்தின் மீது பிறப்பித்த இடைக்கால உத்தரவும் இதே வடிவத்தைத்தான் குற்றச்சாட்டாக வைக்கிறது. அதன்படி 2024 ஜனவரி 17 காலையில் அந்த நிறுவனம், வங்கிப் பங்குகளின் விலைக் குறியீடான பேங்க் நிஃப்டியில் உள்ள பங்குகளையும் அவற்றின் முன்பேர ஒப்பந்தங்களையும் சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கிக் குறியீட்டைத் தாங்கிப் பிடித்தது. அதே வேளையில் குறியீடு இறங்கினால் லாபம் தரும் ஆப்ஷன்களைப் பல மடங்கு பெரிய அளவில் சேர்த்துக்கொண்டது. பிற்பகலில் வாங்கியதை எல்லாம் விற்றது. பங்கிலும் முன்பேரத்திலும் ஏற்பட்ட நட்டம் 61 கோடி ரூபாய் அளவு, ஆப்ஷனில் கிடைத்த லாபம் ஏறக்குறைய 735 கோடி. பல நாள்களைச் சேர்த்து 4,843 கோடி ரூபாயை முடக்க செபி உத்தரவிட்டது. தாங்கள் செய்தது இரு சந்தைகளுக்கு இடையிலான விலை வேறுபாட்டைப் பயன்படுத்தும் வழக்கமான வணிகம் என்று கூறி நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. யார் சரி என்பது அங்கே முடிவாக வேண்டியது. புதிதாகக் கற்பவருக்கு, லண்டனில் 46 சென்ட்டில் நடந்ததும் மும்பையைப் பற்றிச் சொல்லப்படுவதும் ஒரே கணக்கின் இரண்டு அளவுகள் என்பது தெரிந்தால் போதும்.

இரண்டாவது முறைக்கு ஸ்பூஃபிங் என்று பெயர். முன்பேரச் சந்தையின் திரையில், யார் என்ன விலைக்கு எவ்வளவு வாங்கவும் விற்கவும் காத்திருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். பெயர் மட்டும் தெரியாது. ஒருவர் பத்து ஒப்பந்தங்களைச் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கான விற்பனை ஆணையைப் போட்டுவிட்டு, மறுபக்கம் இருநூறு ஒப்பந்தங்களை வாங்குவதாகப் பொய்யாக ஆணை போடுவார். வாங்குபவர்கள் குவிகிறார்கள் என்று எண்ணி மற்றவர்களும், அவர்களைவிட வேகமாகக் கணினி நிரல்களும், விலையைச் சற்று உயர்த்திக் கேட்கத் தொடங்கும். அவருடைய பத்து விற்றுவிடும். அந்தக் கணமே இருநூறும் ரத்தாகிவிடும். வாங்கும் எண்ணமே இல்லாமல் ஏலத்தில் குரல் கொடுத்து விலையை ஏற்றிவிட்டு நழுவும் ஆளின் வேலைதான் இது. ஒரே வேறுபாடு, கணினியில் இதை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை செய்யலாம். அமெரிக்காவில் 2010இல் நிறைவேறிய டாட்-ஃபிராங்க் சட்டம் இதை வெளிப்படையாகத் தடை செய்தது.

இந்தக் குற்றத்துக்காகத்தான் ஜேபி மார்கன் சேஸ் 2020 செப்டம்பரில் 92 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2008 முதல் 2016 வரை, தங்கம், வெள்ளி, பிளாட்டினம், பல்லேடியம் ஆகிய நான்கிலும், கூடவே அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களிலும், அதன் வணிகர்கள் லட்சக்கணக்கான பொய் ஆணைகளைப் போட்டிருந்தார்கள். அந்த வங்கியின் விலை உயர்ந்த உலோகப் பிரிவின் உலகளாவிய தலைவராக இருந்தவரும் அவருக்குக் கீழ் இருந்த முன்னணி வணிகரும் 2022இல் சிகாகோ நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, அடுத்த ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்கள். கனடாவின் ஸ்கோஷியா வங்கியும் இதேபோன்ற குற்றத்துக்காக 2020இல் 12.7 கோடி டாலருக்கு மேல் கட்டியது.

அதற்கு முன் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வெள்ளி விலையைப் பெரிய வங்கிகள் கெடுக்கின்றன என்று சிறு முதலீட்டாளர்கள் பல ஆண்டுகள் கூக்குரலிட்டதால், அமெரிக்க முன்பேரச் சந்தை ஆணையம் 2008இல் விசாரணை தொடங்கி, 7,000 மணி நேரத்துக்கு மேல் ஊழியர் உழைப்பைச் செலவிட்டு, 2013 செப்டம்பரில், வழக்குத் தொடர அடிப்படை இல்லை என்று கோப்பை மூடியது. ஜேபி மார்கன் வணிகர்கள் வெள்ளியில் ஸ்பூஃபிங் செய்துகொண்டிருந்ததும் அதே ஆண்டுகளில்தான். ஆகவே, கூக்குரலிட்டவர்களை அறியாதவர்கள் என்று சொன்னவர்கள் கொஞ்சம் தலைகுனிய வேண்டும். ஆனால் கூக்குரலிட்டவர்கள் முழுதும் சரி என்றும் ஆகிவிடாது. அவர்கள் சொன்னது வெள்ளியை நிரந்தரமாகக் கீழே அழுத்தும் திட்டம். நீதிமன்றத்தில் வெளிவந்ததோ, ஒரு கணம் மேலே தள்ளி விற்பது, மறுகணம் கீழே தள்ளி வாங்குவது என்று இரு திசையிலும் நடந்த சில்லறைத் திருட்டு.

நீண்ட காலத்துக்கு விலையைப் பிடித்து வைக்க முயன்றவர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள். நியூயார்க்கில் 1869இல் ஜே கூல்டு, ஜிம் ஃபிஸ்கு என்னும் இரண்டு பெருஞ்சந்தை வணிகர்கள் சந்தையில் கிடைத்த தங்கத்தை எல்லாம் வளைத்துப் போட்டார்கள். அரசு தன் கையிருப்பை விற்றால் திட்டம் பாழாகும் என்பதால், குடியரசுத் தலைவர் கிராண்டின் தங்கை கணவரையே கைக்குள் போட்டுக்கொண்டார்கள். செப்டம்பர் 24 வெள்ளிக்கிழமை, 100 டாலர் தங்கம் 160 டாலர் காகிதப் பணத்துக்கும் மேல் போயிற்று. நண்பகலில், அரசு 40 லட்சம் டாலர் தங்கத்தை விற்கப்போகிறது என்ற செய்தி வந்ததும் விலை நிமிடங்களில் சரிந்தது. அரசின் மனமாற்றத்தை முன்கூட்டியே மோப்பம் பிடித்த கூல்டு, தன் கூட்டாளிக்குக்கூடச் சொல்லாமல் சத்தமின்றி விற்றுத் தப்பித்திருந்தார். நடுவில் மாட்டிக்கொண்ட தரகர்கள் திவாலானார்கள். நூறாண்டு கழித்து, டெக்சாஸ் எண்ணெய்ச் சீமான்களான ஹன்ட் சகோதரர்கள் வெள்ளியில் இதையே முயன்றார்கள். 1979 தொடக்கத்தில் அவுன்ஸ் 6 டாலர் அளவில் இருந்த வெள்ளி 1980 ஜனவரியில் 50 டாலரை நெருங்கியது. சந்தை நிர்வாகம் புதிதாக வாங்குவதைக் கட்டுப்படுத்தி விதிகளை மாற்றியது. மார்ச் 27 அன்று வெள்ளி 11 டாலருக்குக் கீழே விழுந்தது. விதியை மாற்றிய நிர்வாகக் குழுவில் வெள்ளி இறங்கினால் லாபம் அடைபவர்களும் இருந்தார்கள் என்பது ஹன்ட் சகோதரர்களின் குறை. அந்தக் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஊரில் உள்ள வெள்ளியை எல்லாம் பதுக்கியவர்கள் அதைச் சொன்னதால் யாரும் காது கொடுக்கவில்லை.

இவர்களுக்கு வந்த சிக்கல் எளிமையானது. விலையை ஏற்றுவதற்கு வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். லாபம் பார்ப்பதற்கு விற்க வேண்டும். விற்கத் தொடங்கினால் விலை இறங்கும். மேலும், விலை ஏற ஏற வீட்டிலிருக்கும் வெள்ளித் தட்டும் குத்துவிளக்கும்கூட உருக்குவதற்குச் சந்தைக்கு வந்துவிடும். ஆகவே தள்ளிவிட்டு உடனே விலகுபவன் தப்பிக்கிறான், பிடித்து நிற்பவன் மூழ்குகிறான்.

அரசுகளுக்கும் இது பொருந்துமா? தங்க விலையை மிக நீண்ட காலம், மிகப் பெரிய அளவில் கட்டுப்படுத்தியவை அரசுகளே. ஆனால் அதைச் சட்டமாகவும் கொள்கையாகவும் செய்தன. அமெரிக்கா 1933இல் குடிமக்களிடமிருந்து தங்கத்தைக் கட்டாயமாகப் பெற்றுக்கொண்டு, 1934இல் விலையை அவுன்ஸ் 20.67 டாலரிலிருந்து 35 டாலராக மாற்றியது. அந்த 35 டாலரைக் காப்பாற்றுவதற்காக 1961இல் அமெரிக்காவும் ஏழு ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து, விலை ஏறும்போதெல்லாம் லண்டன் சந்தையில் தங்கத்தை விற்கும் கூட்டு அமைப்பை ஏற்படுத்தின. எட்டு மைய வங்கிகள் கைகோத்தும் ஏழு ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. பிரான்ஸ் 1967இல் விலகியது. பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டதும் மக்கள் தங்கத்தை நோக்கி ஓடினார்கள். 1968 மார்ச்சில் லண்டன் சந்தை இரண்டு வாரம் மூடப்பட்டது, கூட்டும் கலைந்தது. 1971 ஆகஸ்ட் 15 அன்று டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த கடைசிக் கயிற்றையும் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் அறுத்தார். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர்.

அதன் பிறகும் மைய வங்கிகள் மறைவாகத் தங்கத்தை அழுத்துகின்றன என்போர் காட்டும் ஆதாரங்களில் வலுவானது, அமெரிக்க மைய வங்கித் தலைவராக இருந்த ஆலன் கிரீன்ஸ்பான் 1998இல் நாடாளுமன்றக் குழு முன் சொன்னது: விலை ஏறினால் மைய வங்கிகள் தங்கத்தைக் கூடுதலாகக் கடன் கொடுக்கத் தயாராக இருக்கின்றன. கடன் வாங்கியவர்கள் அதைச் சந்தையில் விற்றால் விலை இறங்கும். தனியார் எவரும் தங்கத்தைப் பதுக்கிச் சந்தையை வளைக்க முடியாது என்று விளக்கும்போதுதான் கிரீன்ஸ்பான் அப்படிச் சொன்னார். ஆனால் கேட்பவர் காதில் அது ஒப்புதல் வாக்குமூலமாக விழுவதில் வியப்பில்லை. தொண்ணூறுகளில் மைய வங்கிகள் தங்கத்தைக் கடன் கொடுத்ததும் விற்றதும் உண்மை, விலையை அவை கீழே இழுத்ததும் உண்மை. பிரிட்டன் 1999 மே மாதம் தன் கையிருப்பில் பாதிக்கு மேல் விற்கப்போவதாக முன்கூட்டியே அறிவித்ததும் விலை 250 டாலருக்கு அருகே இறங்கியது. விற்பவன் தானே தன் சரக்கின் விலையைக் கெடுத்துக்கொண்டதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அதே ஆண்டு செப்டம்பரில், விற்பனைக்கு உச்சவரம்பு வைப்பதாக ஐரோப்பிய மைய வங்கிகள் அறிவித்ததும் சில நாள்களில் 300 டாலரைத் தாண்டியது.

அங்கிருந்து 2011இல் 1,900 டாலர், 2025 அக்டோபரில் 4,000 டாலருக்கு மேல். அழுத்திப் பிடிக்கும் கை ஒன்று இருந்தால் அது வேலையில் மிகவும் மோசமான கை என்றுதான் சொல்ல வேண்டும். கை இல்லாவிட்டால் 10,000 டாலர் ஆகியிருக்குமே என்று பதில் வரும். விலை இறங்கினால் அழுத்தத்துக்குச் சான்று, ஏறினால் அழுத்தம் தளர்ந்ததற்குச் சான்று என்றால், எந்த நிகழ்வாலும் அந்தக் கருத்தைச் சோதிக்க முடியாமல் போகிறது. நான் அந்தக் கருத்தை ஏற்காததற்குக் காரணம் இதுவே. வங்கிகளின் நேர்மையில் வைத்த நம்பிக்கை அல்ல.

நகை வாங்குபவருக்கு இவற்றில் எது எவ்வளவு உறைக்கும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். பார்க்ளேஸ் வழக்கின் அந்த 46 சென்ட், அன்றைய 57 ரூபாய் அளவிலான டாலர் மதிப்பில் அவுன்ஸுக்கு 26 ரூபாய். ஒரு சவரனுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. ஒப்பந்தம் வைத்திருந்தவருக்கு அது 39 லட்சம் டாலர் இழப்பு, தாலிக்குப் பொன் வாங்கியவருக்கு ஒன்றுமே இல்லை. மாறாக, 2024 ஜூலை 23 அன்று மத்திய பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, சென்னையில் அன்றே சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் குறைந்தது. அதற்கு முதல் நாள் வாங்கியவருக்கு உண்டான நட்டத்தை எந்த லண்டன் வணிகரும் ஏற்படுத்தவில்லை. அது நிதியமைச்சரின் உரையில், தொலைக்காட்சி நேரலையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது.